தராசு பாயின் கைக்கடிகாரம்

ஆட்டின் வயிற்றுக்கடியில் கைகொடுத்து ஒரு தூக்குத் தூக்கி எடை சொல்வதில் தராசு பாயை மிஞ்ச, திண்டுக்கல் ஜில்லாவில் என்ன, ஆடு மேயும் எந்தச் சீமையிலும் ஆள் கிடையாது. “பதினாலேகால்” என்பார். ஏற்றிப் பார்த்தால் பதினாலேகால்தான். ஒருமுறை முள் பதினாலரை காட்டியபோது, “தராச ரிப்பேருக்குக் குடுங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் அது ரிப்பேருக்குத்தான் போனது. அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பேரை யாரும் கேட்கவில்லை.

நாகல் நகரில் எங்களுக்குப் பக்கத்து வீடு. பாய்க்குச் சர்க்கரை ஏறிப்போய், “நடங்க, வாயைக் கட்டுங்க, இல்லைன்னா காலுக்கு ஆபத்து” என்று டாக்டர் மிரட்டினார். உடனே நான்தான் பெரிய மனுஷத்தனமாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். எத்தனை அடி, எத்தனை கலோரி, எல்லாம் சொல்லும். முதலில் ஆளின் எடையைக் கேட்டது.

“என்னை எவன்ப்பா தூக்கிப் பாத்தான்? நூறுன்னு போடு மாப்ள” என்றார். போட்டேன்.

வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு அவர் வண்டியில் நானும் தொற்றிக்கொள்வேன். அங்கே வாயால் விலை பேசுவதில்லை. கைகளைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. பாய் சும்மா பிடிப்பாரா? இழுத்து, உதறி, முழங்கை வரை ஆட்டிவிடுவார். வாட்ச் அதையெல்லாம் நடை என்று எண்ணிக்கொண்டது. நின்ற இடத்தை விட்டு நகராமலே காலை ஒன்பது மணிக்குள் ஆறாயிரம் அடி!

“பாத்தியா மாப்ள, எழுநூறு கலோரி எரிஞ்சிருச்சு. எரிச்சத நெரப்பலைன்னா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?”

நேரே பிரியாணிக் கடை. அவருக்கு இரண்டு, எனக்கு ஒன்று, நடுவில் ஒரு சுக்கா. திரும்பும்போது வண்டி குலுங்கிய குலுக்கலும் கணக்கில் ஏறியதால் ஆளுக்கொரு ஜிகர்தண்டா.

ஒருநாள் அவருக்கே சந்தேகம் தட்டி, வாட்சைக் கழற்றிக் கட்டிப்போட்டிருந்த ஒரு கிடாயின் முன்னங்காலில் மாட்டினார். அது ஈ விரட்டக் காலை உதறிக்கொண்டே இருந்தது. அரைமணி நேரத்தில் ஆயிரத்துச் சொச்சம் அடி. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே வாட்சை விட்டெறிந்திருப்பான். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. “நின்ன எடத்துல இம்புட்டு உழைக்குதேப்பா, பாவம்” என்று கிடாய்க்கு இரண்டு கட்டு அகத்திக்கீரை வாங்கிப் போட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வாட்சின் லட்சணம் எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அவர் மனைவியை நாங்கள் பாயம்மா என்போம். அந்த வாரமே என்னை வாசலில் மறித்துக் கேட்டார்.

“அண்ணே, அந்த வாட்சு சொல்றது நெசந்தானா? சோத்தக் கொறைங்கன்னா கையைக் கையை நீட்டுறாரு. படிச்சவுக நீங்க சொன்னா கேப்பாரு.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் வியாழக்கிழமை பிரியாணி போய்விடுமே! “ஏறக்குறைய சரியாத்தான் இருக்கும்மா” என்றேன். சே, இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

குதிகாலில் ஒரு சின்னப் புண் வந்தது. ஆறவே இல்லை. ஐப்பசி மழை விடுவதற்குள் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். “அது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும் பாய். பிரியாணிக்கு ஆசைப்பட்டுச் சொல்லாம இருந்துட்டேன்.”



“ஆட்டுக்குப் பொய் சொல்ல வராது மாப்ள. அதான் அதுககிட்ட நான் ஏமாந்ததே இல்ல” என்றார். பிறகு என் தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். “ரெண்டு கிலோ எறங்கிட்டியே. ஒழுங்கா சாப்புடுறியா இல்லியா?”

வீட்டுக்கு வந்து எடை மெஷினில் ஏறிப் பார்த்தேன். இரண்டு கிலோதான்.

இப்போது செயற்கைக் கால் மாட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிறார். வாட்ச் யார் கையிலும் இல்லை. அடியை நான்தான் வாய்விட்டு எண்ணுகிறேன். நேற்று நாற்பத்தொன்றில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார்.

“அம்பதுன்னு சொல்லு மாப்ள, உள்ள அவளுக்குக் கேக்கட்டும். சந்தோசப்படுவா.”

“நாப்பத்தொண்ணுதான் பாய்” என்றேன்.