ரதிக்கு வந்த மாப்பிள்ளை

“காமன் கூத்துல நான் ரதி வேஷம் கட்டி நின்னப்ப, நெசப் பொம்பளன்னு நெனச்சு ஒருத்தன் வெத்தலத் தாம்பாளத்தோட பொண்ணு கேட்டு வந்தான். சும்மா ஆளில்ல, சொந்த லொறியில வந்தான்.”

செல்லசாமி இதைச் சொல்லாத நாள், நோர்வூட்டில் மழை பெய்யாத நாளைவிட அரிது. வந்தவன் கூத்து வாத்தியாரிடம் கேட்டுவிட்டு, விஷயம் தெரிந்ததும் வெட்கப்பட்டு ஓடிவிட்டானாம். முகத்தைச் செல்லசாமி பார்த்ததில்லை. ஆனாலும் சொல்லச் சொல்ல அவன் வளர்ந்தான். முதலில் ஜரிகைத் தலைப்பாகை வந்தது, அப்புறம் தங்க மோதிரம், கடைசியில்தான் லொறி.

தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். பொய் என்று முகத்துக்கு நேரே சொல்பவர் ஒருவர்தான். அவர் செல்லசாமியின் தங்கச்சி பேச்சியம்மாவின் புருஷன், முத்துக்கறுப்பன்.

“ஆதாரத்தக் காட்டுங்க மச்சான். இல்லாட்டி இந்தக் கதைய இனிமே எடுக்கக் கூடாது.”

ஊரார் முன்னால் வீம்புக்குத் தலையாட்டிவிட்டார் செல்லசாமி. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்றவருக்கு மிஞ்சியது அந்தக் கதைதான். அதுவும் போனால் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நல்லவேளை, அந்தக் கூத்தை அப்போதே யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள்; தாம்பாளத்தோடு வந்தவனும் அதில் விழுந்திருப்பான் என்பது அவர் நம்பிக்கை. போட்டுப் பார்க்க வழியில்லாமல் பெட்டிக்கு அடியில் கிடந்த காசெட்டை டவுனில் ஹமீத் நானாவின் வீடியோ கடையில் கொடுத்தார். நானா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டிஸ்க்கில் அடித்தார். ஏற்றி முடித்ததும் காசெட் நாடா அறுந்து உயிரை விட்டது. டிஸ்க்கின் தொடக்கத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார் நானா. ரதி தகதகவென்று நின்றாள். செல்லசாமிக்கு அது போதும். தாம்பாளக் கட்டம் வரும்வரை பொறுக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

வீட்டு டிவிடி பிளேயர் டிஸ்க்கை விழுங்கி, இருமி, ‘நோ டிஸ்க்’ என்றது.

“அழுக்கு மச்சான்,” என்றார் முத்துக்கறுப்பன், என்றுமில்லாத அக்கறையோடு. பீலிக் குழாய்த் தண்ணீரில் சாம்பல் போட்டு அவரே தேய்த்துக் கொடுத்தார். தேங்காய் துருவிய சிரட்டை போலக் கீறலோடு திரும்பி வந்தது டிஸ்க்.

ஹமீத் நானா தலையில் கை வைத்தார். “இது கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி அடிச்சது. உங்க பழைய பிளேயருக்கு வேற மாதிரி அடிக்கணும். அதுக்குப் போய்க் கழுவுவாங்களா?”

மாற்றி அடித்துக் கொடுத்தார். இடமில்லையென்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தும்விட்டார்.

இரண்டாவது டிஸ்க் ஓடியது. ஆனால் படம் கறுப்பு வெள்ளையாகி, கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே இருந்தது. பிளேயரில் டிவி சிஸ்டத்தை மாற்றினால் போதும் என்று போனில் சொன்னார் நானா. ரிமோட்டைப் பறித்து அமுக்கினார் முத்துக்கறுப்பன். படம் அடியோடு போய், சத்தம் மட்டும் மிஞ்சியது. அதுவும் மன்மதன் எரிந்துபோகும் கட்டம். ரதியாகச் செல்லசாமி வைத்த ஒப்பாரியில் லயத்துத் தகரக் கூரைகள் அதிர்ந்தன. யாரோ செத்துவிட்டார்கள் என்று தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் மாலையோடே வந்தார்.

“குளிருக்கு டிஸ்க் வெறைச்சிருச்சு,” என்று முத்துக்கறுப்பன் அதை உருவி அடுப்பு மேட்டில் வைத்தார். திரும்ப எடுத்தபோது அது அப்பளம்.

வந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வளைந்த டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் செல்லசாமி.

“சரி மச்சான். இனிமே சொல்ல மாட்டேன்.”

அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“எங்கண்ணன் மூஞ்சியப் பாருங்க. இப்ப சந்தோசமா?” என்றாள் பேச்சியம்மா.

முத்துக்கறுப்பன் மச்சானின் முகத்தைப் பார்த்தார். அதை அப்படியே அச்செடுத்து வைத்தது போலிருந்த மனைவியின் முகத்தையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“நடந்ததுதான் மச்சான். ஆனா லொறியெல்லாம் இல்ல. பஸ்லதான் வந்தேன்.”