இருபத்தெட்டு அங்குல மேடை

"இனிமே இந்த வீட்ல யாரும் கூன் போடக் கூடாது!"

சனிக்கிழமை சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று என் கணவர் மாதேஸ்வரன் அறிவித்தார். ஓசூரில் ஒரு கியர் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அங்கே இரண்டு நாள் முதுகெலும்புப் பயிற்சியாம். போகும்போது வாழை இலை மாதிரி சரிந்து போனவர், வரும்போது கரண்ட் கம்பமாக வந்திருந்தார். கூப்பிட்டால் கழுத்து திரும்பவில்லை. முழு ஆளும் திரும்பினார், கண்டெய்னர் லாரி மாதிரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கான்வென்டில் படித்தவள். தலையில் அட்லஸை வைத்து வராந்தா முழுக்க நடக்கவிட்ட சிஸ்டர்கள் வளர்த்த முதுகு இது. அதை வளைத்தது இந்த வீட்டுச் சமையல் மேடை. வீடு கட்டும்போது என் மாமியார் உயரத்துக்குப் போட்டது, இருபத்தெட்டே அங்குலம். நானோ ஐந்தடி ஏழங்குலம். வெங்காயம் நறுக்கினால் மேடையின் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிற மாதிரி இருக்கும். உயர்த்துங்கள் என்று பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மேகலா" என்பார். அவருக்கென்ன? உயரத்திலும் அம்மா பிள்ளை. நிமிர்ந்த பிறகும் ஐந்தடிக்கு நாலங்குலம் கம்மி.

ஞாயிறு விடிந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"குனிஞ்சு பெருக்காதே. முட்டியை மடக்கு."

"மடக்கிட்டா யாரு பெருக்கறது, முட்டியா?"

"போனைப் பார்க்கறப்போ கழுத்தைத் தொங்கப்போடாதே. தலை இருபது கிலோ பாரமாயிடும்."

"உங்க தலையா? உள்ள என்ன இருக்குன்னு இருபது கிலோ?"

"சிலிண்டரை எப்படித் தூக்கணும் தெரியுமா?"

"தெரியாதுங்க. தூக்கிக் காட்டுங்க."

"நான் ட்ரெயினர். ட்ரெயினர் தூக்கக் கூடாது."

பக்கத்து வீட்டு சுக்ரா வந்தாள். அவளையும் விடவில்லை. "சுக்ரா, தோளை விரி! வயிற்றை உள்ள இழு!"

"அண்ணே, நான் கறிவேப்பிலைக்கு வந்தேன். பரேடுக்கு இல்ல."

புதன்கிழமை விஷயம் புரிந்தது. கம்பெனியில் 'நிமிர்ந்த குடும்பம்' என்று போட்டி. மேனேஜர் நாராயணப்பன் வீடு வீடாக வந்து பார்ப்பார். ஜெயிப்பவர் போட்டோ கான்டீன் போர்டில் ஒரு வருஷம் தொங்கும். இவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். போட்டிப் படிவத்தில் இருந்த இருபது கேள்விக்கும் இவரே 'ஆம்' என்று டிக் அடித்திருந்தார்.

பதினாலாவது கேள்வி: சமையல் மேடை சமைப்பவர் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்கிறதா?

"இது என்னங்க பொய்?"

"சார் கிச்சனுக்கெல்லாம் வரமாட்டார். நீ ஹால்ல நேரா நில்லு, போதும்."

ஞாயிற்றுக்கிழமை சார் வந்தார். கையில் டேப். நேரே கிச்சனுக்குத்தான் போனார். மேடையை அளந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனு மாதேஸ்வரன், இல்லி அடுகே மாடோது யாரு? சமையல் யாரு பண்றது?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார்.

என் கணவர் முகத்தில் ஒரு வெளிச்சம். மார்பை நிமிர்த்திக்கொண்டு மேடை பக்கத்தில் போய் நின்றார். முழங்கை கச்சிதமாகப் பொருந்தியது.

"நான்தான் சார்! சமையல் எல்லாம் நான்தான். இவங்க ரெஸ்ட்!"

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. "ஆமாங்க சார். இவர் வைக்கிற மட்டன் குழம்பு இந்தத் தெருவுக்கே தெரியும்" என்றேன். வாசலில் நின்ற சுக்ரா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

சார் உருகிவிட்டார். போட்டியில் இவர்தான் ஜெயித்தார் என்று அங்கேயே சொன்னார். "அடுத்த சண்டே நானும் மிஸஸும் உங்க மட்டன் குழம்பு சாப்பிட வர்றோம். நீங்க சமைக்கறப்போ போட்டோ எடுக்கலாம்."

கார் திரும்புவதற்குள் கரண்ட் கம்பம் சாய்ந்துவிட்டது.

"மேகலா, எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதே!"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"நீயே சமைச்சிடு தாயே. என்ன வேணா செய்யறேன்."

"மேடையை நாற்பது அங்குலத்துக்கு உயர்த்துங்க. அப்புறம் பேசலாம்."

பத்தொன்பது வருஷமாகக் கிடைக்காத கொத்தனார் மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தார். வியாழக்கிழமை மேடை என் இடுப்புக்கு மேலே நின்றது. வெங்காயம் நறுக்கினேன். முதுகு அதன் பாட்டுக்கு நிமிர்ந்தே இருந்தது. கண் கலங்கியது. வெங்காயத்தால் இல்லை.

என் கணவருக்கும் ஏக சந்தோஷம். "இனி எனக்கு எட்டாது. சார்கிட்ட நீதான் சமைக்கறேன்னு சொல்லிடலாம்" என்று விசில் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாரும் மிஸஸும் வந்தார்கள். புது மேடையைப் பார்த்து சார் திகைத்தார். "ஏன் இவ்வளவு உயரம்?"

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இவர் சமைக்கறப்போ நான் கூடமாட உதவிக்கு நிப்பேன் சார். என் முதுகு வளையக் கூடாதுன்னு எனக்காக உயர்த்திட்டார். எல்லாருக்கும் இப்படி ஒரு புருஷன் அமையுமா?"

சாரின் மிஸஸ் தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். சார் அவசரமாக, "ஆனா இவருக்கு எட்டாதே?" என்றார்.

"அதுக்கும் வழி பண்ணிட்டேன் சார்."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

கான்டீன் போர்டில் அந்தப் போட்டோதான் இப்போது தொங்குகிறது: ஸ்டூல் மேல் ஏறி, கையில் கரண்டியோடு, முதுகு வளையாமல் அழுகிற ஒரு மனிதர்.