கேட்ட சட்டமும் கிடைத்த சட்டமும்

மனிதர்களில் ‘ஆதரவு தெரிவிப்பவர்’ என்று ஓர் இனம் உண்டு. ஆதரவு தருபவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தருபவர் எங்கேயாவது வேலையாக இருப்பார். தெரிவிப்பவர் மைக் பக்கத்தில் இருப்பார்.

எங்கள் ஒஹாயோ ஊரின் நகர மன்றத்தில் இந்த இனத்தின் பெயர் உறுப்பினர் கார்டன் ப்ளூகர். செவிலியர் வாரம் வந்தால் போதும், நர்ஸ்கள் தொழிற்சங்கத்தின் ஊதா டி-ஷர்ட்டைக் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டு, மருத்துவமனை வாசலில் டோனட் பெட்டிகளோடு நின்று, வருகிற போகிற நர்ஸ்களிடமெல்லாம் “நீங்கதாம்மா நம்ம ஊரு ஹீரோ” என்று தழுதழுத்து, போட்டோ எடுத்து முடிந்ததும் மிச்ச டோனட்டைத் தன் ஆபீசுக்கே எடுத்துப் போய்விடுவார். அவருடைய அம்மாவும் நர்ஸாம். தீயணைப்பு வீரர்கள் கூட்டத்தில் அதே அம்மா தீயணைப்பு வண்டி ஓட்டினார். ஆசிரியர்கள் வந்தபோது கணக்கு டீச்சர். பாவம், அந்த அம்மாளுக்கு ஓய்வே கிடையாது!

போன செவ்வாய்க்கிழமை மாரிவிக் டும்லாவ் மன்றத்துக்கு வந்தார். நகரத்துக்குச் சொந்தமான கட்டடத்தில் குத்தகைக்கு நடக்கும் முதியோர் இல்லத்தில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தவர். தொழிற்சங்கத்தில் சேரும் படிவத்தைக் கூட வேலை செய்பவர்களுக்கு ஓய்வறையில் கொடுத்தார் என்பதற்காக வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். குத்தகை அந்தச் செவ்வாயன்றுதான் புதுப்பிக்கப்பட இருந்தது. பேச அவருக்கு இரண்டு நிமிடம்.

“சார், கட்டடம் உங்களோடது. குத்தகையில ஒரே ஒரு வரி சேருங்க. சங்கத்துல சேந்ததுக்காக யாரையும் வேலையவிட்டு எடுக்கக் கூடாது, எடுத்தவங்களத் திரும்பச் சேக்கணும். அதையே சட்டமா போடுங்க. நான் ஒருத்தியே பன்னெண்டு பேரக் குளிப்பாட்டிட்டு இருந்தேன். இப்ப அவங்களுக்கு யாரு இருக்கா?”

ப்ளூகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்ப்பாரா? எதிர்க்கிற பழக்கமே இந்த இனத்துக்குக் கிடையாது. திருத்துவார்.

“உங்க பக்கந்தாம்மா நான். ஆனா ‘கூடாது’ங்கறது கொஞ்சம் சுருக்குனு இருக்கு. ‘எடுக்காம இருந்தா மன்றம் மகிழும்’னு போட்டுக்கலாமே? அதுவும் குத்தகையில எதுக்கு? தனித் தீர்மானமாவே போட்டுருவோம். கௌரவமா இருக்கும்!”

குத்தகை பழைய வரிகளோடு புதுப்பிக்கப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மாரிவிக் சட்டம் கேட்டார், சட்டமும் கிடைத்தது: தேக்கு நிறத்தில், தீர்மானத்தின் மேல் கண்ணாடி போட்டு, சுவரில் மாட்ட ஆணியோடு. கூடமே எழுந்து கைதட்டியது.

“அப்போ திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகலாமா சார்?”

“உங்க பக்கமே நிக்கிறோம்மா.”

“பக்கத்துல நிக்க நிறைய பேரு இருக்காங்க சார். முன்னால நிக்கத்தான் ஆளக் காணோம்.”

பார்வையாளர் வரிசையில் இருந்த எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ப்ளூகரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். வாசலில் மாரிவிக் ஒரு தாளை நீட்டினார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இல்லத்தின் முன்னால் நிற்கப்போகிறவர்களின் பட்டியல். நாலு பெயர் இருந்தது. “மனசு பூரா உங்களோடதான்மா இருக்கு” என்று நான் தழுதழுத்தேன். கை மட்டும் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்களா? நடுவில் எங்கேயோ “அடப் பாவமே” என்று உச்சுக்கொட்டியது யார்? அதற்குப் பெயர்தான் ஆதரவு தெரிவித்தல். இருக்கட்டும், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்களுக்கு என்ன வேலை?