முகூர்த்தப் புடவையும் ரோசியின் விளக்கும்

நான் ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறேன். பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (அதில் இரண்டு பேர் என்னோடு வேலை செய்கிறவர்கள். ஒருவர், வேறு கணக்கில் உள்ளே வந்திருந்த நானே. எண்ணிக்கை கொஞ்சம் கூடட்டுமே என்றுதான்.) இடம், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறை. நேரம், புதன்கிழமை காலை பத்தே முக்கால். செத்தவள் பெயர் ரோசி. ஒரு வீடியோ கேமில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மற்ற நேரத்தில், கதை சொல்லும் கேம்களைப் பற்றித் தமிழில் கருத்துச் சொல்லும் ஒரு சேனல் நடத்திக்கொண்டிருந்தேன். என் கருத்துகளுக்கு மேல்முறையீடு கிடையாது. பெரிய கம்பெனி கேம்களை எனக்குப் பிடிக்காது. வரைபடம் முழுக்க இருநூறு புள்ளி வைத்து, ஒருத்தனுக்குப் பத்து காளான் பறித்துக் கொடு, இன்னொருத்தனுக்கு ஐந்து ஓநாய்த் தோல் கொண்டு வா என்பார்கள். அது சம்பளம் இல்லாத இன்னொரு ஷிப்ட். நான்கு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து செய்த சின்ன கேமில் ஒரு கிழவர் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து மூன்றே வரி பேசுவார், நமக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வசனத்தைப் படிக்காமல் தள்ளிவிட்டு ஓடுகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்து பந்தியில் மட்டும் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள். இதையெல்லாம் இன்றைக்கும் சொல்வேன்.

அன்றைக்குச் சொல்லி இன்றைக்குச் சொல்லாத கருத்து ஒன்று உண்டு. ஆட்டத்தில் ஒரு முடிவு எடுத்துவிட்டால் எடுத்ததுதான். யாராவது செத்துவிட்டால், பழைய சேவ் ஃபைலை லோட் பண்ணி, முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி ஆடக் கூடாது. அப்படி ஆடுகிறவர்கள் கோழைகள். "தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டு மேல நெய்வாங்க. பின்னாடி போயி அறாத மாதிரி நெய்ய முடியுமா?" என்று வாராவாரம் கேமராவைப் பார்த்துக் கேட்பேன். (நான் வாழ்நாளில் ஒரு முழம் நெய்ததில்லை. தறி உதாரணம் சொன்னால் வெளியூர்க்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்திருந்தேன்.)

எங்கள் வீட்டு முன்னறையில் தறி. அப்பாவும் அம்மாவும் எப்போதும் கடைக்குத்தான் நெய்து கொடுப்பார்கள். அந்த வருடம்தான் முதல் முறையாக, மாகறலில் இருந்து ஒரு கல்யாண வீடு நேராக எங்கள் வாசலுக்கே வந்து முகூர்த்தப் புடவைக்குச் சொல்லியிருந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. அது தறியில் இருந்த நாளெல்லாம் அப்பா வீட்டில் ஊரடங்கு போட்டிருந்தார். அபசகுனமாக ஒரு வார்த்தை வரக் கூடாது, அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது. அம்மா வெங்காயம் நறுக்கக்கூடக் கொல்லைப்பக்கம் போனாள். இந்தப் புடவை நல்லபடியாகப் போனால் அந்தப் பக்கத்துக் கல்யாண வீடெல்லாம் நம் வாசலுக்கு வரும் என்பது அப்பாவின் கணக்கு. ஏதாவது கோணலானால், இனி எந்தக் கல்யாணப் பெண்ணும் நம் தறிப் புடவையைத் தொடமாட்டாள் என்பது அவருடைய பயம்.

புதன்கிழமை ராகு காலம் முடிந்து இரண்டு மணிக்கு மேல் வருவதாகப் பேச்சு. எனக்கும் அன்று லீவு. பன்னிரண்டு மணிக்குள், சேனலுக்காக கேம் ஆடிக் காட்டும் லைவை முடித்துவிட்டு, குளித்து, நல்ல பெண்ணாக வந்து நிற்பதாக அப்பாவிடம் சத்தியம் செய்திருந்தேன். பின்னறைக் கதவைச் சாத்தி, தறிச் சத்தம் நுழையக் கூடாது என்று வாங்கிய பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஹெட்போன் தறிச் சத்தத்தை மட்டுமல்ல, பத்தரை மணிக்கே வாசலில் வந்து நின்ற வேன் சத்தத்தையும் நுழைய விடவில்லை.

மணப்பெண்ணின் தாய்மாமன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ராகு காலத்துக்கு முன்னால் வாங்குவதுதான் உத்தமம் என்று கண்டுபிடித்து எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். மாணிக்கம் என்று பெயர். கல்யாணத்தில் மாப்பிள்ளை இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், தாய்மாமன் இல்லாமல் முடியாது என்று நினைக்கிற வகை. அதன்பின் முன்னறையில் நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். விளக்கேற்றி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு புடவையை வைத்து, அம்மா நீட்டினாள். மாமா இரண்டு கையையும் நீட்டினார்.

அந்த நேரத்தில்தான் ரோசி செத்தாள்.

ஆற்றில் வெள்ளம். அக்கரைக்கு மருந்து கொண்டுபோக ஆள் வேண்டும். ரோசியை அனுப்பலாமா என்று கேம் கேட்டது. நான் தீரமாக "ஆம்" என்று அழுத்தினேன். இருட்டில் பாலத்தின் உடைந்த பக்கம் தெரியாமல் கால் வைத்து, ஒரு சின்ன "ஐயோ"வோடு போய்விட்டாள். ஆறு வாரமாக எனக்குத் தினமும் ரொட்டி கொடுத்தவள்.

"ஐயோ! ரோசி! போயிட்டியேம்மா! நான்தானே உன்ன அனுப்பி வச்சேன்! நானே கொன்னுட்டேனே!"

எனக்கு மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். மாமா சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். அப்பா தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் தெரியாமல் நான் உள்ளே, "இத எழுதனவனுக்கு இதயமே கிடையாது" என்று பதினேழு பேருக்கும் ஒப்பாரியோடு விமர்சனமும் செய்துகொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. தலைவிரி கோலமாக, கறுப்பு டி-ஷர்ட்டில், வீங்கிய மூக்கோடு நான் திரும்பினேன். வாசற்படியில் ஒரு கல்யாண வீடே நின்றுகொண்டிருந்தது.

"யாரும்மா செத்தது?" என்றார் மாமா.

ஹெட்போனைக் கழற்றினேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என் பலவீனம். "ரோசி."

"அது யாரு?"

"ரொட்டிக்கடை வச்சிருந்தாங்க. ஆத்தங்கரையில."

"எப்போ?"

"இப்பத்தான். வெள்ளம் அடிச்சிக்கினு பூட்டுது."

"பாலாத்துல ஏதும்மா வெள்ளம்? மணல்தானே இருக்குது!"

அப்பா பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, அது பொம்ம ஆட்டம்யா. கம்ப்யூட்டர்ல. மனுசங்க யாரும் இல்ல!"

மாமா திரையைப் பார்த்தார். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. ரொட்டிக்கடை பூட்டியிருந்தது. சோகமாக ஒரு வயலின். இந்த வயலின்தான் காரியத்தைக் கெடுத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

"பொம்மையோ மனுசியோ, புடவைய வாங்கறப்போ சாவு சொல்லி அழுதாச்சு," என்றார். "இத எப்பிடிப்பா நான் எங்க பொண்ணு மேல போத்தறது?"

அம்மா நீட்டிய தாம்பாளத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நான் பேச வாயைத் திறந்தேன், மூக்குதான் உறிஞ்சியது. அப்போது மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்தது. மணப்பெண் திவ்யா.

"மாமா, இது சாவே இல்ல. பழைய சேவ் இருக்கும், லோட் பண்ணா வந்துடும்."

"யாரு, செத்த பொண்ணா?"

"ஆமா மாமா. ஹாஸ்டல்ல நாங்க இது மாதிரி எத்தினி பேர எழுப்பியிருக்கோம்."

மாமா யோசித்தார். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் புடவையை வாங்கியிருப்பார்கள். அவர் தாய்மாமன். "அப்போ அந்தப் பொண்ணு உசுரோட வந்து நிக்கட்டும். பன்னெண்டுக்குள்ள நின்னா வாங்கிக்கிறேன். இல்லன்னா புடவை இங்கயே இருக்கட்டும்."

இப்போது நான் சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருபது நாள் உழைப்பும் அப்பாவின் மானமும் தாம்பாளத்தில் ஊசலாடிக்கொண்டிருக்கும்போது, "நான் லோட் பண்றது இல்லீங்க. அது என் கொள்கை. இழை அறுந்தா..." என்று தொடங்கினேன்.

"அடச்சீ!" என்றார் அப்பா. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "தப்பா நெய்துட்டா நாங்க இன்னா பண்றோம்? பின்னாடி போயி ஒவ்வொரு இழையா பிரிச்சுட்டு மறுபடி நெய்யறது இல்ல? இந்தப் புடவையிலயே முந்தானைய ரெண்டு தரம் பிரிச்சேன். நான் கோழையாடி?"

பதினேழு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். (லைவை நிறுத்த யாருக்கு நினைவிருந்தது?) என் மூன்று வருடத் தத்துவம் அந்த இடத்திலேயே முடிந்தது. லோட் பண்ணினேன்.

ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கம். ரோசி கடை வாசலில் நின்று சிரித்தாள். "வந்துட்டா!" என்று திவ்யா கைதட்டினாள். அங்கிருந்து பாலம் வரை ஒரு மணி நேர ஆட்டம், கையில் இருந்ததும் ஒரு மணி நேரம்தான். மாமா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வசனங்களைத் திவ்யா அவருக்குத் தமிழில் சொன்னாள். ஒன்றையும் தள்ளிவிட அவர் விடவில்லை. அந்த வகையில் என் கொள்கைக்காரர்தான்.

நடுவில் ரோசி ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்லுது?" என்றார் மாமா.

"என் விளக்கு உன்கிட்ட இருக்குது, எப்ப குடுப்பேன்னு கேக்குது," என்றாள் திவ்யா.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு குகைக்குப் போக வாங்கியது. நல்ல வெளிச்சம் தரும் விளக்கு. என் பையிலேயே கிடந்தது. அவள் கேட்டபோதெல்லாம், அது கதைக்கு அழகு சேர்க்கும் வசனம் என்று ரசித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"அப்போ அந்தப் பொண்ணு இருட்டுல கால வச்சதுக்கு நீதான் காரணமா?" என்றாள் அம்மா. "அடுத்தவங்க பொருள வாங்கினா திருப்பிக் குடுக்கிற பழக்கமே இல்ல இவளுக்கு. என் டிபன் பாக்ஸ் மூணு, ஸ்ரீபெரும்புதூர்லயே கெடக்குது."

பதினோரு மணி ஐம்பது நிமிடத்துக்கு ரோசி பாலத்துக்குப் போனாள், கையில் விளக்கோடு. உடைந்த இடத்தில் நின்றாள். விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். "பாத்து, பாத்தும்மா, இடதுபக்கமா வா," என்று மாமா கட்டிலில் இருந்து எழுந்தேவிட்டார். அவள் இடதுபக்கமாகச் சுற்றி அக்கரையில் கால் வைத்தபோது எங்கள் பின்னறையில் எழுந்த ஆரவாரத்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள் நிச்சயதார்த்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா தாம்பாளத்தோடு ஓடிவந்தாள். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்க, கம்ப்யூட்டருக்கு எதிரிலேயே மாமா புடவையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அன்று கடைசியாக அழுதவர் அவர்தான், அது சந்தோஷக் கண்ணீர் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த வாரம் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையின் மேல் மாமாவின் கையெழுத்தில் எங்கள் எல்லோருடைய பெயரும் எழுதி, கடைசியில் "மற்றும் செல்வி ரோசி" என்று சேர்த்திருந்தார்.

அதற்குப் பிறகு மாகறல் பக்கத்திலிருந்து நிறையக் கல்யாண வீடுகள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் அப்பா புடவையை எடுத்து வைக்கும் முன் பின்னறைப் பக்கம் திரும்பி, "உன் ஆளுங்கள்லாம் சௌக்கியமா?" என்று கேட்பார். சௌக்கியம் என்று நான் சொன்ன பிறகுதான் விளக்கேற்றுவார்கள். டிபன் பாக்ஸ்களைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்த கேமில் இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி இருக்கிறது. எடுத்த கேமை முடிக்காதவர்களை என் சேனலில் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் மாகறலில் இருந்து போன் வருகிறது. "இன்னாமா, ரோசி நல்லா இருக்குதா?" என்று மாமா கேட்கிறார். நான் கேமைத் திறந்து பார்க்கிறேன். அக்கரையில் புதுக் கடை போட்டு, விளக்கை வாசலில் மாட்டி, ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

"நல்லா இருக்குது மாமா," என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்காமல் மூடிவிடுகிறேன்.