மூன்று மாதப் பேப்பர்

மாமியாரின் படம் தன் வீட்டு ஹாலில் ஏறக்கூடாது என்று லேபிள்காரர் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். நிறைவேற்றிய இடம் குளியலறை. தலை முழுக்க சோப்பு நுரை. எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட விழவில்லை. குளியலறைக்கு வெளியே அவருக்குப் பெரும்பான்மை கிடையாது.

மருந்து பாட்டில்களுக்கு லேபிள் வரைந்து கொடுப்பது அவர் தொழில். வீட்டிலேயே கம்ப்யூட்டர், ஆளுயரப் பிரிண்டர். அதில் தன் அம்மாவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்டச் சொல்லி மனைவி நச்சரித்துக்கொண்டிருந்தாள். மாமியாரோ முப்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் உள்ளே வந்தால் வகுப்பறை மின்விசிறியே அடக்கமாகச் சுற்றும் என்பார்கள். அந்தப் பார்வை, மூன்றடி உயரப் படமாக, சோபாவுக்கு நேர் எதிரே! இனி சோபாவில் காலை நீட்டிப் படுப்பது எப்படி?

"ஏங்க, அம்மா படம் என்னாச்சு?" என்றாள் மனைவி.

"எங்க ஆகுது? டிசைன் சாஃப்ட்வேரே திறக்க மாட்டேங்குது. லோகோ வருது, சுத்துது, 'எதிர்பாராத பிழை'ன்னு சொல்லிட்டுப் படுத்துடுது."

பிழை எதிர்பாராதது அல்ல. அன்று காலை அவரே அதன் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து, நடுவில் நாலு வரியைக் கன்னாபின்னாவென்று அழித்து வைத்திருந்தார்.

"எப்ப சரியாகும்?"

"இதெல்லாம் பெரிய நோய். மாசக்கணக்குல ஆகும்."

மனைவி தன் ஆபீஸ் தோழிக்குப் போன் போட்டாள். "ம்... ம்... மூணு பட்டனா? சரி" என்றாள். வந்து உட்கார்ந்தாள். இடது கையால் மூன்று பட்டன்களை அழுத்திக்கொண்டே வலது கையால் சாஃப்ட்வேரைத் திறந்தாள். 'பழைய செட்டிங்ஸை அழித்துவிடவா?' என்று அது பணிவாகக் கேட்டது.

"அழி" என்றாள். திறந்துகொண்டது.

"பெரிய நோய் இல்லைங்க. லேசான நடிப்பு."

லேபிள்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எது?"

"சாஃப்ட்வேரைச் சொன்னேன். போய் நல்ல பேப்பரா வாங்கிட்டு வாங்க."

நல்ல பேப்பர்! கடைக்குப் போகும் வழியிலேயே அவர் மூளையில் பல்பு எரிந்தது.

கடைக்காரர் இரண்டு கட்டுகளை எடுத்துப் போட்டார். "இது பருத்திப் பேப்பர் சார். அமிலம் கிடையாது. நூறு வருஷம் ஆனாலும் மஞ்சளாகாது."

"நூறா?" லேபிள்காரருக்கு வியர்த்தது. "அது?"

"அது பளபளா பேப்பர். பார்க்க ஜோரா இருக்கும். ஆனா வெயில் பட்டா மூணு மாசத்துல கலர் ஓடிடும்."

"அதையே குடுங்க."

"சார், இதைச் சொன்னப்புறம் யாரும் வாங்கினதில்லை."

"நான் கொஞ்சம் வித்தியாசமான ரசிகன்."

படம் பிரமாதமாக வந்தது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் அவரே மாட்டினார். "அத்தைக்கு நல்லா வெளிச்சம் வேணும்" என்று திரைச்சீலையைக் கழற்றித் துவைக்கவும் போட்டார். மாப்பிள்ளையின் பாசத்தைக் கண்ட மனைவி, பேப்பர் கட்டின் உறையை மடித்துப் பத்திரமாக எடுத்து வைத்தாள். அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் மாதம் சேலையின் சிவப்பு போனது. இரண்டாம் மாதம் முகம் பச்சையானது. மூன்றாம் மாதம் மூக்குக்கண்ணாடியும் கொண்டையும் மட்டும் அந்தரத்தில் நின்றன. லேபிள்காரர் தினமும் காபி டம்ளரோடு நின்று, அணு அணுவாக ரசித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கையில் போனோடு படத்தின் முன் நின்றாள்.

"என்னங்க, அம்மா முகமே காணோம்!"

இதற்காக மூன்று மாதம் ஒத்திகை பார்த்திருந்தார் அவர். தலையில் கை வைத்தார். "ஐயோ! அத்தை முகத்தைப் பார்க்காம எனக்குக் காலையில காபி இறங்காதே!"

"அவ்வளவு பாசமா?"

"பின்னே? படம் போனா என்ன, நேர்ல வந்து இந்த வீட்டுல இருந்தா வேண்டாம்னா சொல்வேன்?" பேச்சு தானாக வழுக்கிக்கொண்டு போனது.

மனைவி போனை நிமிர்த்தினாள். ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டியாம்மா? மாப்பிள்ளையே வாய் திறந்து கூப்பிட்டாத்தான் வருவேன்னு அடம் பிடிச்சியே. கூப்பிட்டாச்சு. முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சதும் நேரா இங்க வந்துடு."

லேபிள்காரர் தலையிலிருந்து கையை எடுத்தார். "அப்போ... பேப்பர் விஷயம்..."

"கட்டு மேலேயே 'வெயில் படாமல் வைக்கவும்'னு போட்டிருந்துச்சே. லேபிள்காரர் பொண்டாட்டிக்கு லேபிள் படிக்கத் தெரியாதா? சாயம் வெளுக்கட்டும்னுதான் காத்திருந்தேன். படத்தோடதும், உங்களோடதும்."

"எத்தனை நாள் இருப்பாங்க?" என்று அவர் கிசுகிசுத்தார்.

பதில் போனிலிருந்தே வந்தது, தலைமையாசிரியைக் குரலில்:

"மாப்பிள்ளை, படத்தைக் கழட்டினாலும் அந்த ஆணியைப் பிடுங்காதீங்க. என் கைத்தடியை மாட்ட வேண்டியிருக்கும்."