எல்லைச் சாவடி கடந்த பாட்டில்

காரைக்கால்,
12-2-1956

சைகோனில் இருக்கும் அன்புத் தம்பி இளையபெருமாளுக்கு அக்காள் அஞ்சுகம் ஆசியுடன் எழுதுவது. இங்கு நான் சுகம். உன் அத்தானும் சுகம் என்று சொல்லத்தான் இக்கடிதம்.

தைப் பொங்கல் முடிந்ததும் அவருக்குக் கால் வீங்கியது. நாகப்பட்டினத்து டாக்டர் சோமசேகரன் விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், பரிசோதனை முடியும்வரை உப்பு கூடாது என்றார். பட்டினச்சேரிக் கருவாடு இல்லாமல் ஒரு வேளை உண்டறியாத மனிதர், உப்பில்லாக் கஞ்சியை வெறித்துப் பார்த்து, "இதுக்குச் சிறுநீரகம் கெட்டே போகலாம்" என்றார்.

டாக்டர் கேட்டது ஒரு அவுன்ஸ் சிறுநீர். பெரிய மனிதருக்குக் குறைப் பாத்திரமாகக் கொடுப்பது மரியாதையில்லை என்று அத்தான் பொழுது விடிந்ததிலிருந்து சேர்த்து, நீ கொண்டுவந்த இரண்டு பிராந்திப் பாட்டில்களில் காலியானதை நிரப்பி அலமாரியில் வைத்தார். நான் தேதி எழுதி ஒட்டினேன். மறுநாள் வெட்கத்தில் அவசரமாக எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் போனேன்.

எல்லையில் மதுவிலக்குச் சாவடி. நம் ஊரில் குடிக்கலாம், நாகூரில் கூடாது என்பது உனக்குத் தெரியும். கான்ஸ்டபிள் காகிதத்தைக் கழுத்துவரை பிரித்தார். உள்ளே பொன்னிறம்.

"என்னங்க இது?"

"என்னோடதுங்க."

"எங்க வாங்குனீங்க?"

"வாங்கலீங்க. நானே தயார் பண்ணதுங்க."

"காய்ச்சுனதா?"

பின் இருக்கையில் இருந்த பத்ருன்னிசா என்ற அம்மாள், "யா அல்லா, இந்த மூஞ்சியப் பாத்தா காய்ச்சுறவரு மாதிரியா இருக்கு?" என்றார்.

நான் எழுந்தேன். சென்னையில் படித்த உடலியல் அன்றுதான் பயன்பட்டது. அது சிறுநீர் என்று சொல்லி விளக்கினேன். சிறுநீரகமும் ஒரு சாவடிதான். ஒரு நாளில் இரத்தத்திலிருந்து நூற்றெண்பது லிட்டர் வடிகட்டும். அதில் வேண்டிய நீரையும் உப்பையும் சர்க்கரையையும் நுண்குழாய்கள் இரத்தத்துக்கே திருப்பிவிடும். மிஞ்சும் ஒன்றரை லிட்டர்தான் கழிவோடு சிறுநீர்ப்பைக்குள் இறங்கும். சாவடி பழுதானால் பிடிக்க வேண்டியதை விட்டுவிடும், விட வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"அப்ப நாங்க சிறுநீரகமாம்மா?"

"பழுதில்லாததுன்னு நம்புறேன். சந்தேகமிருந்தா தொறந்து மோந்து பாருங்க."

அவர் கையை உதறி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "ரைட், ரைட்! போகலாம்!" என்று கத்தினார்.

பாட்டிலை டாக்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். நேற்று அவருடைய கடிதம் வந்தது. "மாதிரி மிகச் சிறப்பு. நிறத்திலும் குறையில்லை. உப்புச் சேர்க்கலாம். ஐயம் தீர மாதம் ஒரு பாட்டில் அனுப்பிவைக்கவும்." இவ்வளவு அக்கறையான வைத்தியரை நான் பார்த்ததில்லை. மதியமே கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அத்தான் மூன்று முறை சோறு வாங்கினார். ஆகவே கவலையை விடு.

நீயும் உன் மனைவி மக்களும் தண்ணீர் தாராளமாகக் குடித்து, எந்த வைத்தியருக்கும் எதுவும் நிரப்பிக் கொடுக்காமல் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
அஞ்சுகம்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி அலமாரியைத் திறந்தேன். என் கையெழுத்தில் தேதி ஒட்டிய பாட்டில் அங்கேயே இருக்கிறது. நீ தந்த முழுப் பாட்டிலைத்தான் காணோம். அத்தான் சுகம் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. உப்பு ஜாடியைப் பூட்டிவிட்டேன். "உப்பு போனதுக்கு அழுவுறதா, பிராந்தி போனதுக்கா?" என்று கேட்கிறார். நாளை ஒரு அவுன்ஸோடு தஞ்சாவூர் போகிறோம். அவருடைய சாவடி பழுதா என்பதை அங்கே சொல்வார்கள். எல்லையில் இருப்பது பழுது என்பது எனக்கு இப்போதே தெரியும்.