அஞ்சு மணிக்குள் பைதன்

"இன்னும் செவப்பாத்தான் வருது வினோ" என்றான் நிரோஷன்.

தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம், லயத்து வீடுகளுக்கு மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்துப் பாறை. அதில் சம்மணம் போட்டு, மடியில் பழைய லெப்டொப்பும், பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்ட போனுமாக உட்கார்ந்திருந்தான். தூறல் வேறு. பின்னால் அம்மா வீரம்மா, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை மகன் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கிடைத்த ஓய்வு இதுதான்.

போனில் இருந்த வினோதா கொழும்பில் வேலை செய்யும் கம்பனியில் ஒரு பயிற்சி இடம் காலி. புரோகிராம் ஒன்று எழுதி, அது ஓடுவதைக் காட்டி, இன்று மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். நிரோஷன் எழுதிவிட்டான். தினமும் எடுத்த கொழுந்தின் நிறையைப் படமாக வரைகிற பைதன் புரோகிராம். வரைய ஒரு பெக்கேஜ் வேண்டும். அதை இறக்கச் சொன்னால் லெப்டொப் சிவப்பு எழுத்தில் திட்டுகிறது.

வேலை கிடைத்தால் சம்பளம் வரும், சரி. ஆனால் பயலுக்கு வேண்டியது சம்பளமா என்ன? வினோதா! ஹட்டன் கொம்பியூட்டர் வகுப்பில் பக்கத்துக் கதிரைக்காரி. பொங்கல் முடிந்த கையோடு ரயிலேறிப் போனாள். இப்போது ஜூன் மாதம். அவள் இல்லாத ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கவே அவனுக்குக் கால் வரவில்லை. அவ்வளவு ஏக்கம். அதைச் சொல்லித் தொலைக்கத்தான் வாய் வரவில்லை.

"பைதன அழிச்சிட்டு மறுபடி போடு" என்றாள் வினோதா.

அழித்தான், போட்டான். இரண்டு வரியாக இருந்த சிவப்பு, பத்து வரியானது.

"பழைய வெர்ஷன் ஒண்ணு போட்டுப் பாப்பமா?"

போட்டான். இப்போது லெப்டொப்பில் இரண்டு பைதன். கூப்பிட்டால் எது வருகிறதென்றே தெரியவில்லை.

"பைதன்னு பேரு போட்ட போல்டர் அத்தனையும் தூக்கிரு. புதுசா ஆரம்பிப்பம்."

தூக்கினான். "ஐயையோ!"

"என்னடா?"

"என் புரோகிராமும் அந்தப் பேருலதான் இருந்திச்சு."

"கடவுளே! ஒன்னைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? குப்பைத் தொட்டியத் தொறந்து பாரு."

நல்ல வேளை, தொட்டியில் கிடந்தது. அதை மீட்டு, பைதனை மூன்றாம் தடவையாகப் போட்டு முடிக்கும்போது மணி நாலரை. சிவப்பு போகவில்லை.

"அதுல என்னதான் எழுதியிருக்கு? வாசி பாப்பம்."

"சர்டிபிகேட் செல்லாதாம்."

"ஒன் சர்டிபிகேட்டெல்லாம் ட்ரங்குப் பெட்டியில பத்திரமா இருக்கு தம்பி. எடுத்தாரவா?" என்றாள் வீரம்மா.

"அது இல்லம்மா. இது இண்டர்நெட்டோடது."

"என்னமோ போ. எல்லாம் அமாவாசையில நான் கருவாட்டுக் கொழம்பு வச்ச பாவம். ஒங்கப்பாவுக்கு வெரதம் இருக்குற நாளு! கலண்டர ஒழுங்கா கிழிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

நிரோஷன் காது கேட்காதவன் போலத் திரையையே பார்த்தான்.

போனில் வினோதாவின் குரல் இறங்கியது. "நிரோ, நீ வருவேன்னு ஒபிஸ்ல சொல்லி வச்சிருக்கேன். எனக்குப் பக்கத்துக் கதிரையில யாரையும் ஒக்கார விடல. எப்படியாச்சும் வந்துரு."

இதைக் கேட்கத்தானே இத்தனை நாளாகப் பாறையில் தவம் கிடந்தான்!

"பொறு, பொறு" என்றாள் அவள் திடீரென்று. "சர்டிபிகேட்டா சொன்ன? கீழ வலது மூலையில என்ன தேதி காட்டுது?"

அந்தக் குளிரிலும் நிரோஷனுக்கு வேர்த்தது. "தேதிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தேதி பின்னால நின்னா அது செல்லாதுன்னுதான் சொல்லும். வாசி."

"மழையில சரியாத் தெரியல வினோ."

"நிரோ! மணி அஞ்சாகப் போகுது!"

படங்கைப் பிடித்தபடியே வீரம்மா மகன் தோளுக்கு மேலாகக் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பதினெட்டு, ஒண்ணுன்னு இருக்கு தாயி. நீ ரயிலேறுன நாளு. வீட்டுக் கலண்டரயும் அதுலயேதான் நிப்பாட்டி வச்சிருக்கான், என்னைய கிழிக்க விட்டாத்தானே!"